ஒரு நீளம், இரண்டு குட்டை

கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற கார்டைப் புதுசாகப் போட்டதும் திரை போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, பெட்டிக்குள் காற்று போய்வருகிற இரைச்சல்கூடக் கேட்கிறது. திரை மட்டும் கரிச்சட்டி மாதிரி கிடக்கிறது. பொத்தானை அமுக்கினால் உள்ளேயிருந்து ஒரு சத்தம்: கீ என்று ஒரு நீளம், கீ கீ என்று இரண்டு குட்டை. பிறகு ஒன்றுமில்லை. அர்த்தநாரி தரையில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடக்கிய கால் மரத்திருந்தது, நீட்டிய கால் வலித்தது. எப்படி வைத்தாலும் இதேதான். வாழ்நாளெல்லாம் லாரியில் கிளட்ச் மிதித்த கால், இப்போது சும்மா இருக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறது. மறுபடி அமுக்கினார். ஒரு நீளம், இரண்டு குட்டை. சரி, கேட்டுச்சு, வேறென்ன சொல்லப் போறே. சேலம் ரோட்டில் முட்டை லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. அவன் எதற்கு அடிக்கிறான் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்: குறுக்கே பைக்குக்காரன் வந்திருப்பான். அடித்த நீளத்திலேயே தெரியும் கோபமா, பயமா, சும்மா பழக்கமா என்று. இந்தப் பெட்டி அடிக்கிற ஆரன்தான் விளங்கவில்லை. ஆறு மணிக்கு மகன் பூபதி வந்துவிடுவான். வருவான் என்றால் வாசலுக்கு அல்ல. வாசலுக்கு வந்து வருஷம் ஒன்றைத் தாண்டிவிட்டது. பெங்களூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, ஒரு தொப்பூர்க் கணவாய், கொஞ்சம் டோல்கேட். அதற்கே பையனுக்கு ஒழியவில்லை. அவன் வருவது லாரி விளையாட்டுக்குள். அங்கே அவன் அறையில் அவன் கம்ப்யூட்டர், இங்கே இவருக்கு இந்தப் பெட்டி. ஞாயிறு சாயங்காலமானால் இரண்டு பேரும் ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஏதோ ஒரு ரோட்டில் ஆளுக்கொரு லாரி எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் போவார்கள். காதில் மாட்டிக்கொள்கிற கருவியில் பேச்சு கேட்கும். பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால ரெட் சிக்னலுங்கப்பா. ம். லெஃப்ட்ல ஒதுங்குங்க. ம். கிழவனுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று பாவாயி கேட்கத்தான் செய்தாள். கட்டின பெண்டாட்டி, கேட்கட்டும். வேலையை விட்டு இறங்கின டிரைவர் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வான், முருங்கைக்காயா எண்ணுவான்.

இந்தப் பெட்டி பூபதியுடையதுதான். காலேஜில் படிக்கும்போது அங்கங்கே சாமான் வாங்கி அவனே கோத்தது. போகும்போது வெச்சுக்கோங்கப்பா என்று விட்டுப் போனான். அன்றைக்கு இது புதுசு, இன்றைக்கு இதற்கு என் வயசு என்று நினைத்துக்கொண்டார் அர்த்தநாரி. விளையாட்டில் புதிதாக ரோடெல்லாம் போட்டார்களாம், மரமெல்லாம் நட்டார்களாம். அன்றையிலிருந்து இது திணற ஆரம்பித்தது. ரோடு பிந்தி வரும், பாலம் பாதியில் நிற்கும், பூபதியின் லாரி தவளை மாதிரி தாவித் தாவிப் போகும். அதையும் ஓட்டினார். மூடுபனியில் ஓட்டாததா. ஆனால் போன ஞாயிறு. போன ஞாயிறுதான் இப்போது முள்ளு மாதிரி குத்திக்கொண்டிருக்கிறது. லோடு இறக்கியாயிற்று. வழக்கமாக இறக்கினதும், சரிங்கப்பா பார்க்கலாம் என்று அவன் போய்விடுவான். அன்றைக்குப் போகவில்லை. பெட்ரோல் பங்கு ஓரமாக லாரியை நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அப்படியே நின்றான். இவரும் பக்கத்தில் நிறுத்தினார். இண்டிகேட்டர் மினுக்கு மினுக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து, ஒண்ணு சொல்லோணும்ங்கப்பா என்றான். குரல் இறக்கத்தில் இருந்தது. இவர், ம், சொல்லு என்றார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி இறுகிப் போய்விட்டது. படம் நின்றது, சத்தம் நின்றது, எதை அமுக்கினாலும் அசையவில்லை. ஒயரைப் பிடுங்கி, மறுபடி சொருகி, அது முக்கி முனகி எழுந்து வருவதற்குள் பூபதி போய்விட்டான். பங்கு ஓரம் காலியாக இருந்தது. புதன்கிழமை போனில் கேட்டார், என்னமோ சொல்லோணும்னியே. ஒண்ணுமில்லீங்கப்பா, ஞாயித்துக்கெழம சொல்றேன் என்றான். ஞாயித்துக்கெழமதான் சொல்லுவான். போனில் சொல்ல மாட்டான். போனில் யார்தான் சொன்னது. சாப்டியா, சாப்டேங்க, மழையா, இல்லீங்க, இரு அம்மாகிட்டக் குடுக்கறேன். அதற்கு மேல் இவர்கள் இரண்டு பேரும் போனில் பேசியதே கிடையாது. இவர் காலத்தில் போன் என்றால் ஆக்சில் முறிந்ததைச் சொல்ல, ஆள் போனதைச் சொல்ல. மணி அடித்தால் கெட்ட சேதிதான், இன்றைக்கும் அப்படித்தான் தோன்றும். அவன் நாலாவது படிக்கும்போது ஒரு கோடை லீவில் நாக்பூர்வரை கூட்டிப்போனார். வீட்டில் வாயைத் திறக்காத பையன் கேபினில் ஏறியதும் திறந்தான். இவரைப் பார்த்து அல்ல, கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்து. கணக்குல நான் பெயிலுங்கப்பா, அம்மாகிட்டச் சொல்லல. இவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ம் என்றார். அவ்வளவுதான், அவன் பாரம் இறங்கிவிட்டது, அந்தப் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டான். முகத்தைப் பார்த்துக்கொண்டு சில பேருக்கு வராது. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும்.

என்ன சொல்லுவான். அதைத்தான் வாரம் பூராவும் சுற்றிச் சுற்றி வந்தாயிற்று, செக்குமாடு மாதிரி. யாரையாவது விரும்பியிருப்பான் என்றால் சொல்லட்டும், பாவாயிதான் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாள், அப்புறம் எழுந்திரித்து அவளே பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்புவாள். அது இல்லை. விரும்பினவன் வண்டி அப்படி ஓடாது. ஆளை மறைக்கலாம், ஓட்டுகிறதை மறைக்க முடியாது. சித்திரையிலிருந்தே பூபதியின் லாரி சரியில்லை. முன்னால் போகிறவன் பின்னால் வர ஆரம்பித்தான். ஓவர்டேக் எடுப்பதில்லை. பிரேக்கைப் பிந்தி மிதிக்கிறான். காலி ரோட்டில் வேகத்தை விட்டுவிட்டு, வளைவில் போய் முழித்துக்கொள்கிறான். இந்த மாதிரி ஓட்டுகிற டிரைவரை இவர் நிறையப் பார்த்திருக்கிறார். வீட்டில் ஏதோ ஒன்று கழன்றிருக்கும். உடம்புக்கு ஏதாவதா. அவன் பெரியப்பன் இப்படித்தான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே. சீ, அதை எதற்கு இப்போது. டார்ச்சை அடித்துப் பெட்டிக்குள் பார்த்தார். மூக்குக்கண்ணாடி வழுக்கி இறங்கியது. வியர்வை. கார்டு தன் இடத்தில்தான் இருக்கிறது. மெமரி என்கிற குச்சி இரண்டும் அதன் இடத்தில்தான். கார்டைக் கொடுத்த சேலத்துக் கடைக்காரன் மூஞ்சி ஞாபகம் வந்தது. ஐயா, பழசுல போட்டுப் போட்டு என்ன பண்றீங்க, முழுசா மாத்திருங்க. மாத்திருங்கன்னா, உங்கப்பனா குடுப்பான். பென்சனில்லாத வேலை செய்தவன் பழைய வண்டிக்குப் பழைய பார்ட்தான் தேடுவான். இஞ்சின் இறக்கி ஏற்றாமல், கியர்பாக்சை மட்டும் மாற்றி அஸ்ஸாமுக்குப் போய்வந்த வண்டி இருக்கிறது தெரியுமா. அதை அவனிடம் சொல்லவில்லை. இருக்கிறதுக்குள்ள ஒண்ணு எடு என்றார். கரண்டுக்குத் தனி ஒயர் கேட்காத கார்டு, செகண்ட்ஸ், ஆனா நல்லா ஓடின சரக்கு என்று எடுத்துக் காட்டினான். பழைய கார்டை எக்ஸ்சேஞ்சில் போட்டுக்கொண்டான். அதுதான் தப்பு. அதைக் கையில் வைத்திருந்தால் இப்போது இதைப் பிடுங்கி அதைச் சொருகி, திணறினாலும் திணறட்டும் என்று ஆறு மணிக்குப் போயிருக்கலாம். ஸ்டெப்னியை விற்றுவிட்டு டயர் வாங்கின கதை. ஏமாற்றிவிட்டானோ. கடையில் அவன் பெட்டியில் போட்டு ஓட்டிக் காட்டினானே, படம் கண்ணாடி மாதிரி வந்ததே. அப்போ கோளாறு அவன் கையில் இல்லை. என் கையிலா. கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மஞ்சளும் சிவப்பும் ஒட்டியிருந்தது. முறை தவறி ஒன்றும் செய்யவில்லை. தென்கிழக்கு பார்த்து உட்கார்ந்து, கார்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, அப்புறம்தான் மாட்டினார். ஒரு வைப்பர் மாற்றினாலும் பொட்டு வைக்காமல் மாற்றினவர் கிடையாது. பொட்டு வைக்காமல் மாட்டின ரேடியேட்டர் நாந்தேடு தாண்டி வெடித்தது. அது நம்பிக்கை அல்ல, கண்ணால் கண்டது. நாந்தேடில் அந்தப் புளியமரத்தடியில் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார், மெக்கானிக் வருவான் வருவான் என்று. ஆயில் வாசம், நாய் ஒன்று காலை முகர்ந்துவிட்டுப் போனது. இப்போதும் அதேபோல் படுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தரை குளிர்ச்சியாக இருக்கிறது. ஆறு மணி ஆகட்டும், ஏழும் ஆகட்டும், பையன் வந்து பார்த்துவிட்டு அப்பன் இல்லை என்று போகட்டும். எதைச் சொல்ல வந்தானோ அதை அவனே வைத்துக்கொள்ளட்டும். ஒருதரம் பாதியில் நின்ற பேச்சு. மறுதரமும் நின்றால் அப்புறம் அவன் சொல்ல மாட்டான். அது இவருக்குத் தெரியும். இவரும் அந்த ரகம்தான். மூன்றாம்தரம் கேட்டால், ஒண்ணுமில்ல, சும்மாதான் என்பார். எழுந்து ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். ஒரு நீளம், இரண்டு குட்டை.

போன் அடித்தது. எடுக்கவில்லை. பாவாயியாக இருக்கும், பையன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போயிருக்கிறாள், கூட்டமாக இருக்குதுங்க, வர நேரமாகும் என்பாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பார்த்தால் பூபதி. மணி ஆறைத் தாண்டியிருந்தது. ஜன்னலில் வெயில் இறங்கியதை இவர் கவனிக்கவில்லை. என்றா, சொல்லு, என்றார். போன எடுக்கவே இல்லீங்களேப்பா, வெளையாட்டுக்குள்ள போயிட்டீங்களா என்றான் பூபதி. குரல் அதே இறக்கம். திரை வரல. புதுசா ஒரு கார்டு போட்டன். கார்டா, எப்பொ, எதுக்குங்கப்பா. எதுக்குன்னா, பழசு நின்னு போச்சில்ல, நீ பேசறப்ப. பிறகு பூபதி, போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க, பொத்தான அமுக்குங்க என்றான். அமுக்கினார். பெட்டி தன் பாட்டுக்கு ஆரன் அடித்தது. கேட்டனுங்க, கார்டு ஒழுங்காத் தொடல, அதத்தான் சொல்லுது என்றான். அதெல்லாம் டக்குனு ஒக்காந்துச்சு என்றார் இவர். ஒக்காந்தாலும் தொடலீங்க. ஒயரப் புடுங்குங்க, கார்டக் கழட்டுங்க, பின்னால இருக்கற கொக்கிய அமுக்கிட்டு மெதுவா. மெதுவான்னா எனக்குத் தெரியாதா. தெரியுமுங்க, இருந்தாலும் மெதுவா. கழட்டினார். கண்ணாடி மறுபடி இறங்கியது. அடியில பல்லு மாதிரி தங்கக் கலர்ல ஒரு வரிசை இருக்குதுங்களா, சுத்தமா இருக்குதா பாருங்க. சுத்தமாத்தான் இருக்குது, பொட்டு வெச்சிருக்கறன். என்னத்தீங்க. பொட்டு, சந்தனம் குங்குமம். எங்கீங்கப்பா. அங்கதான், மத்த எடமெல்லாம் விசிறியும் பிளாஸ்டிக்குமா இருக்குது, எங்க வெக்கறது, இதுதான் மொகம் மாதிரி இருந்துது. போனுக்குள் ஒரு சத்தம் வந்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, சிரிக்கிறான். சித்திரைக்கு அப்புறம் அவன் சிரித்து இவர் கேட்கவில்லை. கடையில சொல்லீருப்பாங்களே, அந்தப் பல்லத் தொடாதீங்கன்னு. சொன்னான், நான் தொடல, பொட்டுதான் வெச்சன். அப்பா, என்றான் பூபதி, சிரிப்பு அடங்காமல், அந்தப் பல்லுலதாங்க கரண்டு போவோணும், நீங்க அதுக்கு அபிசேகம் பண்ணி அனுப்பீருக்கீங்க. சரி, என்ன பண்றது சொல்லு, சும்மா இளிக்காத. காஞ்ச துணியில தொடைங்க, தண்ணி வேண்டாம், தொடைச்சுட்டு ரப்பர் இருந்தா, பென்சில் அழிக்கற ரப்பர், அதுல மெல்லத் தேயுங்க, பல்லு பளிச்சுனு வரங்காட்டி. மேசைமேல் கிடந்த பென்சிலின் பின்னால் துண்டு ரப்பர் இருந்தது. வேட்டி முனையில் துடைத்தார். காய்ந்த சந்தனம் துகளாக உதிர்ந்தது, வாசம் வந்தது. ரப்பரை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கிற சத்தம் மட்டும், எலி கொறிக்கிற மாதிரி. அப்பா, என்றான் பூபதி. ம். எனக்கு வேல போயிருச்சுங்க. தேய்த்துக்கொண்டிருந்தார். சித்திரையிலயே போயிருச்சு, எங்க டீமையே அனுப்பீட்டாங்க, வேற தேடுனன், தேடீட்டுத்தான் இருக்கறன், கெடைக்கல. இப்ப ஒரு பையங்கூட அவன் ரூம்ல இருக்கறன். அம்மா அங்க பொண்ணு பாக்கறாங்க, நான் என்னங்கப்பா சொல்லுவன். கார்டை ஒருக்களித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். பாதிப் பல் வெளுத்திருந்தது, பாதி மங்கல். மீதியைத் தேய்த்தார். நாஞ் செஞ்சதுல ஒண்ணாவது உருப்பட்டுச்சுங்களா, எதையும் என்னால சரி பண்ண முடியலீங்கப்பா. இதுக்கு நடுவுல இன்னொண்ணு. சொல்லு. என் கம்ப்யூட்டர வித்துட்டனுங்க, நேத்து. இன்னிக்கி உள்ள வரமாட்டன்னு சொல்லத்தான் போன் பண்ணுனன். நீங்க அங்க புதுசா வாங்கிப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறீங்க.

அர்த்தநாரியின் கை நின்றது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதுதான் முதலில் வந்தது. அது வந்ததும் வாரம் பூரா நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் சற்றே நகர்ந்தது, நகர்ந்த இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்தது. தூங்கிவிடலாம் போல இருந்தது. வேலைதானே. வேலை போகும், வரும், வராமலும் போகும். ஓனர் சாவியை வாங்கிக்கொண்டு இறக்கிவிட்ட டிரைவர்கள் எத்தனை பேர், அவர்களெல்லாம் செத்தா போனார்கள், சில பேர் செத்தார்கள், சீ. ஊருக்கு வந்தால் ஆயிரம் பேர் கேட்பார்கள், என்ன சம்பளம், எப்போ போகிறாய், லீவா என்று. அதுக்குத்தான் பயல் தொப்பூர்க் கணவாய் இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான். கேட்கட்டும். கேட்கிறவன் வாயை என்ன செய்வது. ஏதாவது சொல்ல வேண்டும். பெரிதாகச் சொல்ல இவருக்கு வராது, சிறிதாகச் சொன்னால் அவன் என்னவோ நினைத்துக்கொள்வான். அப்பா, இருக்கீங்களா என்றது தரையில் கிடந்த போன். இருக்கறன். கார்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். பின்னால் கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. ஒக்காந்துருச்சுங்களா. ம். ஒயரச் சொருகி அமுக்குங்க. அமுக்கினார். ஆரன் ஒரே ஒரு தரம், குட்டையாக. அதாங்க, அவ்வளவுதான், வந்துரும் பாருங்க என்று அவசரமாகச் சொன்னான் பூபதி, தன் கதையை ஒரு நிமிஷம் மறந்தவன்போல. திரை மெல்ல வெளுத்தது. எழுத்து ஓடியது. லாரி விளையாட்டைத் திறந்தார். போன வாரம் நிறுத்தின பங்கு, இவருடைய நீல லாரி, புது மரமெல்லாம் இலை இலையாகத் தெரிந்தது. ரோடு முழுசாக இருந்தது. வந்துருச்சுங்களா. வந்துருச்சு. எப்படி இருக்குதுங்க. நல்லா இருக்குது, என்றார். பிறகு சொன்னார், என்றா, இங்க பெட்டி ஒண்ணு இருக்குதில்ல. அங்க எதுக்கு அடுத்தவன் ரூம்ல கெடக்கறே, நாளைக்கு பஸ் ஏறு. நீ ஓட்டு, நான் பக்கத்துல ஒக்காந்துக்கறன். அம்மாவுக்கு, என்று இழுத்தான் பூபதி. அம்மாகிட்ட நாஞ் சொல்றன். நீங்க சொல்லுவீங்களா. சொல்றன்னு சொல்றனில்ல. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஒரு ரோடு இருந்தது நல்லதாயிற்று.

கேட் கிறீச்சிட்டது. பாவாயி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எட்டுப் பொருத்தம் இருக்குதாமுங்க, பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பாக்கோணும்ங்கறாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவள், தரையில் கிடந்த ஸ்க்ரூகளையும் சந்தனத் துகளையும் பார்த்து நின்றாள். அய்ய, சந்தனத்த இப்படியா எறைப்பாங்க, என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். காத்தாலைல இருந்து கழட்டிப் போட்டுட்டுச் சீறீட்டு இருந்தீங்களே, எப்படி வந்துச்சு. அந்த சேலத்துக்காரன வரச் சொல்லீட்டீங்களா. வரல, என்றார். அப்பறம் எதுத்த வீட்டுப் பையனா. அவனுக்கு என்ன தெரியும். பின்ன ஆருதானுங்க வந்து சரி பண்ணுனது, என்றாள் பாவாயி. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, எட்டுப் பொருத்தத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக இவளிடம் சொல்லியாக வேண்டும், அதை நினைத்தாலே தோள் வலித்தது. இந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் சுலபம். தரையில் போன் இன்னும் வெளிச்சமாகக் கிடந்தது. லைனைத் துண்டிக்கவில்லை, அவனும் துண்டிக்கவில்லை, மூச்சுக்கூடக் கேட்கிறது. அர்த்தநாரி போனுக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"பூபதி."